இடைக்கால, மறுமலர்ச்சிக் கால ஓவியமும் இசையும்: வீட்டுக்கல்விப் பெற்றோருக்குக் கேள்வி பதில்

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு ஐரோப்பிய ஓவிய, இசை வரலாறு சொல்லித் தருபவள் நான். 1000 முதல் 1600 வரையிலான காலம் எனக்குப் பழக்கம். அதற்குள் வரும் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

மகளுக்கு ஒன்பது வயது. எனக்கு ஓவியமும் தெரியாது, இசையும் தெரியாது. எங்கே தொடங்குவது?

இரண்டே படங்களில் தொடங்குங்கள். இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் உள்ள உஃபீசி அருங்காட்சியகத்தில் சிமாபூவே வரைந்த மரியாளும் ஜொத்தோ வரைந்த மரியாளும் இருக்கிறார்கள். இரண்டும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட பலகைகள், இரண்டிலும் தங்கப் பின்னணி, குழந்தை இயேசுவை மடியில் வைத்துச் சிம்மாசனத்தில் அமர்ந்த தாய். இணையத்தில் பெரிய அளவில் கிடைக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு மகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “எந்த மடியில் உன்னால் உட்கார முடியும்?”

பெரும்பாலான பிள்ளைகள் ஜொத்தோவைக் காட்டும். ஏன் என்று கேட்டால் முழங்காலைத் தொட்டுக் காட்டும். சிமாபூவேயின் மரியாள் உடையில் தங்கக் கோடுகள் அழகாக ஓடுகின்றன, ஆனால் துணிக்குள் இருக்கும் உடம்பு அவ்வளவாகத் தெரியாது. ஜொத்தோவின் மரியாளுக்கு முழங்கால் துருத்தி நிற்கிறது, மடிக்கு ஆழம் இருக்கிறது, உட்கார்ந்திருப்பவளின் கனம் தெரிகிறது. சுமார் 1300-ஐ ஒட்டி இத்தாலிய ஓவியத்தில் நடந்த பெரிய மாற்றம் இதுதான். உங்கள் மகள் அதை ஒரு பாடமும் இல்லாமல் கண்டுபிடித்துவிடுவாள்.

அடுத்து பாதுவா நகரின் ஸ்க்ரோவேஞ்ஜி சிற்றாலயம். 1305 வாக்கில் அதன் சுவர்களில் ஜொத்தோ வரைந்தவற்றில், இறந்த இயேசுவைச் சுற்றி எல்லோரும் அழும் காட்சியை எடுங்கள். முன்னால் இரண்டு பேர் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், முகமே தெரியாது. மேலே தேவதைகள் ஆளுக்கொரு விதமாக அழுகின்றன. ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் முதல் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: விடையை முதலில் சொல்லாதீர்கள். “இது மறுமலர்ச்சியின் தொடக்கம்” என்று ஆரம்பித்தால் பிள்ளை படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு உங்கள் வாயைப் பார்க்கும்.

இசைக்கு எந்தப் பிளேலிஸ்ட் போடலாம்? சாப்பிடும்போது பின்னணியில் ஓடவிடலாமா?

வேண்டாம். இது இரண்டாவது எச்சரிக்கை. பின்னணியில் ஓடும் இசையைக் காது தள்ளி வைக்கப் பழகிவிடும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டாலே போதும்.

அதைவிடப் பாடுவது நல்லது. 13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கோடைப் பாட்டு ஒன்று இருக்கிறது, ‘சுமர் இஸ் இகுமென் இன்’ என்று தேடுங்கள். நான்கு குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே மெட்டைப் பிடிக்க, கீழே இரண்டு குரல்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடும். அடுத்தவர் எங்கே நுழைய வேண்டும் என்பதற்கு ஏட்டிலேயே சிலுவைக் குறி போட்டிருக்கிறார்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்தாலே பாடிவிடலாம்.

நாடகம் பிடித்த பிள்ளையா? ஹில்டகார்ட் (1098–1179) என்ற ஜெர்மானியத் துறவி எழுதிய இசை நாடகத்தைச் சொல்லுங்கள். நற்குணங்கள் எல்லாம் பாடும், சாத்தான் மட்டும் பாட மாட்டான், பேசுவான், கத்துவான். சாத்தான் வேடத்துக்குப் பிள்ளைகளிடம் போட்டி நிச்சயம்.

முட்டைக் கருவில் வண்ணம் குழைத்தார்களாமே, வீட்டில் செய்ய முடியுமா?

தாராளமாக. மஞ்சள் கருவைப் பிரித்து உள்ளங்கையில் மாற்றி மாற்றி உருட்டினால் ஒட்டியிருக்கும் வெள்ளை போய்விடும். தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து ஊசியால் குத்தி, உள்ளிருப்பதைக் கிண்ணத்தில் வடியவிடுங்கள். தோலை எறிந்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள். தண்ணீரில் குழைத்த காவிப்பொடியோடு சம அளவு கலந்தால் வண்ணம் தயார். கெட்டி அட்டையில் தீட்டச் சொல்லுங்கள்.

உடனே காய்ந்துவிடுகிறதே என்று பிள்ளை புகார் சொல்லும். அந்தப் புகாரில்தான் பாடம் இருக்கிறது. இழைத்துக் கலக்க நேரம் கிடைக்காததால், மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டுத்தான் நிழல் கொண்டுவர முடியும். அப்புறம் சியன்னா நகரத்து ஓவியர் தூச்சோ வரைந்த முகங்களை உருப்பெருக்கிப் பாருங்கள். அதே சின்னக் கோடுகள் இருக்கும், அடியில் பூசிய பச்சை மண்ணும் சில இடங்களில் எட்டிப் பார்க்கும்.

1400-ஐ ஒட்டி செனினோ செனினி என்ற ஓவியர் எழுதிய கைந்நூலில் எனக்கு மிகப் பிடித்த குறிப்பு: இளையவர்களின் முகத்துக்கு நகரத்துக் கோழி முட்டை, அதன் கரு வெளிறியது, முதியவர்களின், கருத்தவர்களின் முகத்துக்கு நாட்டுப்புறக் கோழி முட்டை, அதன் கரு சிவந்தது. நம் வீட்டில் பிராய்லர் முட்டையையும் நாட்டுக்கோழி முட்டையையும் உடைத்துப் பக்கத்தில் வைத்தால் செனினி சொன்னது கண்ணெதிரே தெரியும்.

மூன்றாவது எச்சரிக்கை, இதில் விளையாட்டே இல்லை. அந்தக் காலத்து வண்ணங்களில் ஈய வெள்ளை, சாதிலிங்கம், அரிதாரம் மூன்றும் நஞ்சு. முறையே ஈயம், பாதரசம், ஆர்சனிக். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். காவி மண் போதும். முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இந்தப் பயிற்சி வேண்டாம்.

எந்த வயதில் தொடங்கலாம்?

படத்தை விரலால் காட்டத் தெரிந்த வயதில்.

மேற்கத்திய இசையில் சுரங்களைச் சொல்லும் டோ ரே மி என்பதே நம் ச ரி க ம-விலிருந்து போனதுதானே? பிள்ளைகளுக்கு அதை முதலில் சொல்ல வேண்டாமா?

சொல்லக் கூடாது, ஏனென்றால் அதற்குச் சான்று இல்லை. இந்த அசைகள் எங்கிருந்து வந்தன என்பதை அரெட்சோ ஊர் குயிதோ என்ற துறவியே எழுதி வைத்திருக்கிறார். 1030 வாக்கில் மைக்கேல் என்ற சக துறவிக்கு எழுதிய கடிதத்தில், புனித யோவானைப் பற்றிய லத்தீன் பாடலைத் தருகிறார். அதன் ஆறு துண்டுகளும் ஒவ்வொரு சுரம் மேலே ஏறித் தொடங்கும்: ஊத், ரே, மி, ஃபா, சோல், லா. பாடகனாகப் பத்து ஆண்டு பாடுபட்டது போய், இனி ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு போதும் என்கிறார்.

அதே நண்பர் மீண்டும்: நம் சுரங்கள் அவரைவிடப் பழமையானவை. அரபியர் வழியாகப் போயிருக்கலாமே?

பழமையானவை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. புதுக்கோட்டை குடுமியான்மலையில் சுரங்களைக் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள், குயிதோவுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியது. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஆனால் மூத்தது என்பதாலேயே இளையதற்குத் தாயாகிவிடாது. நம்முடையது ஏழு, சுரப் பெயர்களின் முதல் எழுத்து. குயிதோவுடையது ஆறு, பாட்டு வரிகளின் முதல் அசை. ஏழாவதான ‘சி’ பல நூற்றாண்டு கழித்துச் சேர்ந்தது, ‘ஊத்’ 17-ஆம் நூற்றாண்டில்தான் ‘டோ’ ஆனது. கடன் வாங்கியிருந்தால் ஏழாவதை ஏன் விட்டார்கள்?

இன்னொருவர்: அப்படியானால் அரபு எழுத்துகளின் பெயரிலிருந்து வந்தது என்பதாவது சரியா?

அதையும் சொல்கிறார்கள், அதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. கடிதம் கையில் இருக்கிறது, பாட்டு கையில் இருக்கிறது. பிள்ளையை அதைப் பாட வையுங்கள், ஒவ்வொரு வரியும் ஒரு படி ஏறுவதைக் காது சொல்லிவிடும். நம் பெருமைக்காகப் பிள்ளைக்கு நிரூபிக்க முடியாததைச் சொல்லித் தந்தால், பின்னாளில் அந்தப் பிள்ளை உண்மையான குடுமியான்மலையையும் சேர்த்துச் சந்தேகிக்கும். இந்தப் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மோனாலிசாவில் தொடங்கலாமா? எந்த வயதில்? பாடத்திட்டம் பிடிஎஃப் இருக்கிறதா?

மூன்று பேர் கேட்டதைச் சேர்த்துவிட்டேன். வேண்டாம், அவளை ஏற்கெனவே எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கும். வயதுக்கு மேலே பதில் இருக்கிறது. பிடிஎஃப் இல்லை, முதல் பதிலைச் செய்து பாருங்கள்.

பியானோ கிரேடு தேர்வுக்கு இது உதவுமா?

பியானோ ஆசிரியரைக் கேளுங்கள்.

ஆடையில்லாத உருவங்கள் வருமே, என்ன செய்வது?

எந்தப் படம் எப்போது என்பது உங்கள் முடிவு. ஆனால் முகம் சுளித்துப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். இதே கேள்வி ரோமிலும் வந்தது: மைக்கலாஞ்சலோ 1564-இல் இறந்த பிறகு, அவர் வரைந்த ‘இறுதித் தீர்ப்பு’ சுவரோவியத்தின் உருவங்களுக்கு இன்னொரு ஓவியரை வைத்துத் துணி வரையச் செய்தார்கள். பெரிய பிள்ளைகளிடம் அது சரியா என்று கேட்டு வாதாட விடுங்கள்.

ஓவியத்தையும் இசையையும் சேர்த்துக் காட்ட ஒரே உதாரணம் சொல்லுங்கள்.

1436 மார்ச் 25, புளோரன்ஸ் பேராலயம். கட்டடக் கலைஞர் ப்ருனெல்லெஸ்கியின் மாபெரும் குவிமாடம் எழும்பி முடியும் தறுவாயில், போப்பாண்டவர் நான்காம் யூஜின் ஆலயத்தைத் திருநிலைப்படுத்தினார். அந்த விழாவுக்காக இசையமைப்பாளர் துஃபாய் எழுதிய பாட்டு ‘நூப்பெர் ரொசாரும் ஃப்ளோரெஸ்’. குவிமாடத்தின் அளவுகள்தான் பாட்டின் தாளக் கணக்கு என்று பல இடங்களில் படிப்பீர்கள். அது பைபிளில் வரும் சாலமோன் ஆலயத்தின் அளவு என்று வாதிடுபவர்களும் உண்டு. அதனால் அதை முடிந்த செய்தியாகச் சொல்ல வேண்டாம்.

குவிமாடத்தின் உட்புறப் படத்தைத் திரையில் வைத்து ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். தொடக்கத்தில் மேலே இரண்டு குரல்கள் மட்டும் பின்னிக்கொண்டு போகும். கீழே கனத்த இரண்டு குரல்கள் வந்து சேரும் இடத்தில் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். அந்தக் குரல்கள் மறுபடி ஓய்ந்து, மறுபடி வரும். மொத்தம் நான்கு முறை. எல்லாவற்றையும் பிடித்துவிட்டால், அடுத்த வாரம் கீழ்க்குரலைக் கூடவே முணுமுணுக்கச் சொல்லுங்கள்.