பைக் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர் வீட்டுக்கு வந்த பிறகு: கேள்வி பதில்

2009ல் திண்டிவனம் பக்கம் ராத்திரியில் பைக்கில் போகும்போது லாரி இடித்து விழுந்தேன். டி-10ல், அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் மேலிருந்து பத்தாவது எலும்புக்கு நேராக, தண்டுவடம் நசுங்கியது. தொப்புளுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. புதிதாக அடிபட்டவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சொல்லிக்கொடுப்பதுதான் பல வருஷமாக என் வேலை. நான் டாக்டர் இல்லை, மாத்திரை அளவு மட்டும் கேட்காதீர்கள். மற்ற எதையும் வெட்கப்படாமல் கேளுங்கள்.

திருப்பூர்: அண்ணா, வீட்டுக்காரருக்கு விபத்து நடந்து நாற்பது நாள். டி-8 என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் அளவுக்குக் கறுத்திருக்கிறது. பவுடர் போடலாமா?

பவுடர் வேண்டாம். எண்ணெய், மஞ்சள், பெட்டாடின் எதுவும் வேண்டாம். அந்த இடத்தின் மேல் எடை விழக்கூடாது, அவ்வளவுதான் வைத்தியம். இந்த நிமிஷமே ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முழுப் பக்கவாட்டில் வேண்டாம், இடுப்பு எலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதி சாய்வாக வையுங்கள். முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணை. குதிகால் மெத்தையைத் தொடாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள்.

புத்தகங்களில் 'சிவந்திருந்தால் கவனி' என்று எழுதியிருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து அல்லது ஊதாவாக இருக்கும். புறங்கையை வைத்தால் சூடு தெரியும், தொட்டால் விறைப்பாக இருக்கும். எடையை எடுத்து அரை மணி நேரம் கழித்தும் மறையாவிட்டால் அது புண்ணின் தொடக்கம். மறையும்வரை அதன்மேல் உட்காரவோ மல்லாக்கப் படுக்கவோ கூடாது. தோல் உரிந்தால் அன்றே ஆஸ்பத்திரி. எனக்கு ஆஸ்பத்திரியிலேயே வந்த புண், மேலே சின்னதாகத்தான் தெரிந்தது. உள்ளே எலும்புவரை போயிருந்தது. ஆற எட்டு மாதம். முதுகு உடைந்ததில் போகாத உயிர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்க் கிருமியிலும் போவதை நிறையப் பார்த்துவிட்டேன் தங்கச்சி. காலையும் இரவும் ஒரு கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள்.

ஈரோடு: வாட்டர் பெட்டா, ஏர் பெட்டா?

மாறி மாறிக் காற்று நிரம்பும் ஏர் பெட். எது வாங்கினாலும் திருப்பிப் போடுவதை நிறுத்தக்கூடாது.

விருதுநகர்: தம்பிக்கு மூன்று மாதம் ஆகிறது. இப்போது கால் தானாக உதறுகிறது. உணர்வு திரும்புகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்.

அம்மா அன்று சாமிக்கு விளக்கேற்றியிருப்பார். எங்கள் வீட்டிலும் ஏற்றினார்கள். ஆனால் அந்த உதறல் மூளை அனுப்பியதல்ல. அடிபட்ட சில வாரங்களுக்குத் தண்டுவடம் முழுவதும் ஓய்ந்து கிடக்கும். பிறகு காயத்துக்குக் கீழே உள்ள பகுதி தன் போக்கில் துடிக்கத் தொடங்கும். போர்வை உரசினாலே கால் உதறும். தம்பி தானாக நினைத்துக் கட்டைவிரலை அசைக்கிறாரா, ஆசனவாயைச் சுற்றி உணர்வு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. டாக்டரிடம் 'ஏஷியா கிரேடு என்ன' என்று கேளுங்கள்; காயம் எவ்வளவு முழுமை என்று சொல்லும் தரம் அது. ஏ என்றால் முழுக் காயம். பி, சி, டி என்றால் கொஞ்சமாவது இணைப்பு மிச்சம் இருக்கிறது. மீட்சி வந்தால் பெரும்பாலும் முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் வரும். உதறல் திடீரென்று அதிகமானால் எங்கோ புண், மலச்சிக்கல், சிறுநீர்க் கிருமி என்று தேடுங்கள். உதறலுக்குக் கொடுத்த பேக்ளோஃபென் மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது. ஆபத்து.

கடலூர்: ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. வெந்நீர் ஒத்தடமும் தைலம் தேய்த்து உருவலும் செய்கிறோம்.

இரண்டையும் உடனே நிறுத்துங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். உருவினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். இன்றே டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுங்கள். உணர்வில்லாத தோலில் ஒத்தடம் என்பது சூடு போடுவதுதான்; கொப்புளம் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். மடியில் சுடுசோற்றுத் தட்டு, காபி டம்ளர் எதையும் வைக்காதீர்கள்.

சேலம்: தம்பி, என் மகனுக்கு 23 வயது. டி-12. கை நன்றாக இருக்கிறது. நாலு மணிக்கொரு தடவை நான்தான் டியூப் போட்டு மூத்திரம் எடுக்கிறேன். ஆறு மாதமாக ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை. அவனோ என்னைப் பார்த்துக் கத்துகிறான். என்ன குறை வைத்தேன்?

ஒரு குறையும் வைக்கவில்லை அம்மா. 23 வயதுப் பையன் தினம் ஆறு தடவை அம்மா முன்னால் துணி விலக்கிப் படுக்கிறான். அந்த வெட்கம்தான் கத்தலாக வருகிறது. டியூபை அவன் கையில் கொடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஜெல்லி தடவிப் போட வேண்டும், வடிந்ததும் எடுத்துவிட வேண்டும். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு தடவைக்கு 400, 500 மி.லி.க்கு மேல் சேரவிடக் கூடாது. கை நன்றாக இருப்பவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள்.

மதுரை: பெற்ற தாயைவிடச் சுத்தமாக யார் செய்வார்கள்? தாயிடமிருந்து பிரிக்கச் சொல்கிறீர்கள். அடிபட்டுக் கிடக்கிற பிள்ளையிடம் வேலை வாங்குவதா?

அண்ணே, பிரிக்கச் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் சிறுநீர்ப்பைக்கு என்ன கதி?

கும்பகோணம்: நான் 30 வருஷம் கம்பவுண்டராக இருந்தவன். கிளவுஸ் இல்லாமல் வீட்டில் அவனே போட்டால் கிருமி ஏறும். ஃபோலி டியூபை நிரந்தரமாக வைத்துவிடுவது மேல்.

ஐயா, அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் உள்ளேயே கிடக்கிற டியூபில்தான் கிருமியும் கல்லும் அதிகம். 1972லேயே அமெரிக்காவில் ஜாக் லேபிடஸ் என்ற சிறுநீரக மருத்துவர் சொல்லிவிட்டார்: கிருமி நீக்கம் வேண்டாம், சுத்தம் போதும், சிறுநீர்ப்பை நிரம்பி விரியாமல் நேரத்துக்கு வடிப்பதுதான் முக்கியம் என்று. உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள்.

மதுரை: அமெரிக்கா வேறு, நம் வீடு வேறு.

நம் ஊரையே சொல்கிறேன். வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966ல் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் வந்ததற்கே அவர்தான் காரணம். கை இயங்காதவர்கள் கதை வேறு, அவர்களுக்கு ஆள் வேண்டும்தான். ஆனால் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். ஆள் உதவினாலும், எதை எப்போது, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வது அவர் வாய் அல்லவா?

நாகர்கோவில்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு டி-4. அரை மணி நேரமாகத் தலை பிளக்கிற வலி, முகமெல்லாம் வேர்வை.

எல்லோரும் நிறுத்துங்கள். நாகர்கோவில், அப்பாவை உடனே உட்கார வையுங்கள், படுக்க விடாதீர்கள். பெல்ட், இறுக்கமான துணி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். டியூப் மடங்கியிருக்கிறதா, மூத்திரம் சேரும் பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள். டி-6லோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே எங்கோ தொந்தரவு என்றால் ரத்த அழுத்தம் எகிறும், பக்கவாதம்கூட வரும். 108ஐக் கூப்பிட்டுக்கொண்டே பாருங்கள்.

நாகர்கோவில்: தொடைக்கு அடியில் டியூப் மடங்கியிருந்தது. நிமிர்த்ததும் பை நிறைய வந்தது. தலைவலி குறைகிறது.

நல்லது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் பி.பி. பார்த்துவிட்டு வாருங்கள். டியூப் எப்போதும் தொடைக்கு மேலே போகட்டும்.

சேலம்: தம்பி, நீங்கள் சொன்னதை அவனிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. டியூப் பாக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டான்.

அறைக் கதவைச் சாத்திவிட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள் அம்மா. கூப்பிட்டால் மட்டும் போங்கள்.

ஓசூர்: ஏர் பெட் நல்லதா அண்ணா?

மேலே ஈரோட்டுக்குச் சொன்னதுதான்.

தஞ்சாவூர்: ஸ்டெம் செல் போட்டால் நடப்பார் என்று ஒரு இடத்தில் ஆறு லட்சம் கேட்கிறார்கள். நிலத்தை விற்கலாமா?

விற்காதீர்கள். 2017ல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதலின்படி தண்டுவடக் காயத்துக்கு இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம், ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. பணம் கேட்கிறார்கள் என்பதே உங்களுக்கு விடை. அந்த நிலம் இன்னும் முப்பது வருஷம் அவருக்குச் சோறு போட வேண்டும்.

திருச்சி: நஷ்டஈட்டு வழக்கில் என்ன கேட்பது? வக்கீல் ஆஸ்பத்திரி பில் மட்டும் போதும் என்கிறார்.

போதாது. பார்த்துக்கொள்ளும் ஆளின் கூலி, டியூப், டயபர், நாற்காலி, போக்குவரத்து எல்லாம் எதிர்காலச் செலவு. 2020ல் ஒரு சிறுமியின் வழக்கில், உடனிருந்து கவனிக்கும் ஆளுக்கான செலவையும் பெருக்கல் முறையில், அதாவது ஒரு வருஷச் செலவை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கி, கணக்கிட்டுத் தந்தது உச்ச நீதிமன்றம். வக்கீலிடம் அதைச் சொல்லுங்கள். மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதக் கெடு சட்டத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்கி, மாதப் பராமரிப்புத் தொகைக்கும் எழுதிப் போடுங்கள்.

கரூர்: வலிக்கிற இடத்தில் ஹாட் பேக் வைக்கலாமா?

உணர்வில்லாத தோலில் சூடு வேண்டாம் என்று கடலூருக்குச் சொன்னேன். கேட்பதற்கு முன்னால் மேலே படியுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

திருப்பூர்: அண்ணா, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டேன். ராத்திரியும் இரண்டு மணிக்கொரு தடவையா? நான் மட்டும்தான் இருக்கிறேன். நாலு நாளாகத் தூங்கவில்லை. காலையில் கம்பெனிக்குப் போக வேண்டும்.

இப்போதைக்கு அலாரம்தான் தங்கச்சி. மாமியாரோ கொழுந்தனோ, ராத்திரியில் ஒரு முறை திருப்புவதை யாரிடமாவது ஒப்படையுங்கள். ஒரு தடவை பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டினால் போதும், பழகிக்கொள்வார்கள். அறுவை சிகிச்சை செய்த டாக்டர் சரி என்றதும் குப்புறப் படுக்கப் பழக்குங்கள். நெஞ்சுக்கும் தொடைக்கும் அடியில் தலையணை, முட்டியும் கால்விரலும் எங்கும் அழுந்தாமல். முதல் நாள் இருபது நிமிஷம், தோலைப் பார்த்துவிட்டு மறுநாள் கொஞ்சம் கூட்டுங்கள். உடம்பு பழகினால் நாலு மணி நேரத்துக்கு மேலேயும் ஒரே நிலையில் தூங்கலாம். வால் எலும்புக்கும் அதைவிட நல்ல ஓய்வு கிடையாது. எங்கள் அம்மா ஒரு முழு ராத்திரி தூங்கியதே நான் குப்புறப் படுக்கப் பழகிய வாரத்தில்தான்.

நாளைக் காலையில் அந்தக் கறுப்பு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.