காமிக்ஸ்காரர்கள் வாய் திறந்தால்...

கேள்வி: காமிக்ஸ் படைப்பாளிகளின் பேட்டிகளைத் தேடித் தேடிப் படிக்கிறீர்களே, கதையைப் படித்தால் போதாதா?

பதில்: போதும்தான். ஆனால் பாத்திரத்தை யார் உருவாக்கியது, காசு யாருக்குப் போனது என்பதெல்லாம் கட்டத்துக்குள் வராதே! 1990-ல் ‘தி காமிக்ஸ் ஜர்னல்’ இதழில் வந்த, அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான மார்வெலுக்கு வரைந்த ஓவியர் ஜாக் கிர்பியின் பேட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்வெலின் பெரிய நாயகர்களையெல்லாம் தானே உருவாக்கியதாகவும், அங்கே எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் இருந்த ஸ்டான் லீ எழுதவே இல்லை என்றும் போட்டு உடைத்தார். ஸ்பைடர்மேனுக்கும் அவர் உரிமை கோரியதுதான் இடிக்கிறது, ஏனென்றால் அதை வரைந்து நிலைநிறுத்தியவர் ஸ்டீவ் டிட்கோ. அதனால் இந்தப் பேட்டியை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது; பல வருட உழைப்புக்குப் பேரும் உரிமையும் கிடைக்காத ஒரு மனிதரின் கோபமாகப் படித்தால் நிறையப் புரியும். அவருடைய வாரிசுகளுக்கும் மார்வெலுக்கும் நடந்த வழக்கு 2014-ல்தான் சமரசத்தில் முடிந்தது.

கேள்வி: சரி, எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னரின் ‘ஷாப் டாக்’ என்ற பேட்டிப் புத்தகம். கிர்பி, ஹார்வி கர்ட்ஸ்மன், ஜோ குபர்ட் என்று சக கலைஞர்களை அவரே பேட்டி எடுத்திருக்கிறார், கேட்பவரும் தொழில்காரர் என்பதால் பேச்சு நேரே வேலைக்குள் இறங்கிவிடும். அப்புறம், ஐஸ்னரும் அடுத்த தலைமுறை காமிக்ஸ் கலைஞர் ஃபிராங்க் மில்லரும் உட்கார்ந்து வாதாடும் புத்தகம் ஒன்று 2005-ல் வந்தது. இருவரும் சண்டை போடும் இடங்கள்தான் அதில் சுவாரசியம்.

கேள்வி: நேரில் ஓர் ஓவியரைப் பார்த்தால் என்ன கேட்பது?

பதில்: ‘ஐடியா எங்கிருந்து வருகிறது’ மட்டும் வேண்டாம், பாவம். அவருடைய பக்கம் ஒன்றைக் காட்டி, ‘இந்தக் கட்டம் ஏன் இவ்வளவு பெரிசு?’ என்று கேளுங்கள்.