வால்வு ரேடியோ வாங்கினால் உடனே பிளக்கில் செருகாதீர்கள்

கேள்வி: காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் இரண்டு வால்வு ரேடியோ பார்த்தேன். ஒன்று பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருக்கிறது, பாட்டும் கேட்கிறது, 14,000 ரூபாய் சொல்கிறார்கள். இன்னொன்று தூசி படிந்து கிடக்கிறது. ஓடுமா என்று கேட்டால் தெரியாது என்கிறார்கள், விலை 5,000. எனக்கு இதில் முன் அனுபவம் இல்லை. எதை வாங்கலாம்?

பதில்: நானாக இருந்தால் தூசி படிந்ததைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன். ‘ஓடுகிறது’ என்பதற்காக 9,000 ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். அறுபது வருடப் பழைய செட் இன்று கடையில் பாடுகிறது என்பதால் அடுத்த வாரம் உங்கள் வீட்டில் பாடும் என்று சொல்ல முடியாது. உள்ளே வால்வுகளும் (டிரான்சிஸ்டருக்கு முந்திய காலத்துக் கண்ணாடிக் குழாய்கள்) மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்களும் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்னப் பாகங்கள்) இருக்கும், வயதாக ஆக கண்டென்சர் வழியாக மின்சாரம் கசியும். அதில் ஒன்று, பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட், கடைசி வால்வுக்கு ஒலியைக் கொண்டுபோகிற கண்டென்சர். அது கொஞ்சம் கசிந்தாலே போதும், அந்த வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து, தானும் கெட்டு, அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடும், அதுவும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே. கண்டென்சர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். டிரான்ஸ்பார்மர் அப்படிக் கிடைக்காது, ஆள் தேடிப் புதிதாகச் சுற்றித்தான் வாங்க வேண்டும்.

கடைக்காரரிடம் பின் அட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். வால்வு எல்லாம் இருக்கிறதா, காலி சாக்கெட் உண்டா என்று எண்ணுங்கள். வால்வுக் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளி பூசியது போல ஒரு திட்டு தெரியும், அது வெள்ளியாகவோ கறுப்பாகவோ இருக்கும்வரை நல்லது. பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு போனது போனதுதான். ஸ்பீக்கர் காகிதத்தை எலி கடித்திருக்கிறதா பாருங்கள். நான்கு குமிழும் ஒரே ஜோடியா, டயல் கண்ணாடியில் விரிசல் உண்டா, பேக்கலைட் பெட்டியின் மூலைகளில் மயிரிழை போலக் கீறல் ஓடுகிறதா என்று நிதானமாகப் பாருங்கள். மின் கோளாறுகள் அநேகமாகச் சரிசெய்யக் கூடியவை. உடைந்த டயல் கண்ணாடிக்கு மாற்று வேண்டுமென்றால் அதே மாடலில் இன்னொரு செட் வாங்கினால்தான் உண்டு. தூசி செட்டில் இதெல்லாம் முழுமையாக இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். சேசிஸ் (பாகங்களைப் பொருத்திய உலோகச் சட்டம்) மேல் ஒரே சீராகப் படிந்திருக்கிற தூசி, யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு நல்ல அடையாளம்.

பல வருடம் முன்பு நானும் பளபளக்கிற செட்டைத்தான் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் சேசிஸையே எடுத்துவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு எஃப்.எம் கிட்டும் புது ஸ்பீக்கரும் வைத்து, டயலுக்குப் பின்னால் மஞ்சள் பல்பு எரிய விட்டிருந்தார்கள். முன்பக்கம் மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தேன். அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை, அதனால்தான் எல்லோரிடமும் பின் அட்டையைக் கழற்றச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வாங்கிய பிறகு நேராகப் பிளக்கில் செருக வேண்டாம். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருப்பார்களே, சீரீஸ் லேம்ப், 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு போட்டது (எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது), அதன் வழியாகத்தான் முதல்முறை மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே 200, 250 வோல்ட் டி.சி. ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் அது தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் சேசிஸுக்கு அடியில் கை வைக்கவே கூடாது.

கேள்வி: பரணில் இருந்த தாத்தாவின் ரேடியோவை இறக்கினோம். ஒரு குமிழ் கழன்றுவிட்டது. அந்தக் கம்பியைப் பிடித்துத் திருப்பியபோது நல்ல ஷாக் அடித்தது. மெக்கானிக் ‘இந்த செட் அப்படித்தான்’ என்கிறார். உண்மையா?

பதில்: உண்மைதான். ஆனால் அவர் அதோடு விட்டிருக்கக் கூடாது. உங்களுடையது ஏசி-டிசி செட்டாக இருக்கும். அந்தக் காலத்தில் சில ஊர்களில் டி.சி. மின்சாரம் இருந்ததால் இரண்டிலும் ஓடும்படி, மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே இல்லாமல் செய்த செட்டுகள் இவை. வால்வு எண்களைப் படித்தாலே தெரியும்: யுசிஎச் 81, யுபிஎஃப் 89, யுஎல் 84, யுஒய் 85 என்று ‘யு’வில் தொடங்கும். எல்லா வால்வின் ஹீட்டரும் (வால்வைச் சூடாக்கும் கம்பி) சீரியல் பல்பு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும், சேசிஸ் நேராக மெயின்ஸின் ஒரு வயரோடு சேர்ந்திருக்கும். பிளக்கை ஒருபக்கம் செருகினால் சேசிஸ் நியூட்ரல், திருப்பிச் செருகினால் 230 வோல்ட். குமிழின் திருகுத் துளையை மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள், அது விரல் படாமல் இருக்கத்தான்.

குமிழும் பின் அட்டையும் இல்லாமல் இந்த செட்டை ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள், குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் சொல்லவே வேண்டாம். பழைய ரப்பர் வயரை மாற்றி, சேசிஸில் நியூட்ரல் வரும்படி மூன்று பின் பிளக் போடச் சொல்லுங்கள். எர்த் பின்னைச் சேசிஸோடு சேர்க்கக் கூடாது. அதற்கு முன் வீட்டுப் பிளக் பாயிண்டில் லைனும் நியூட்ரலும் இடம் மாறாமல் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும், நம் வீடுகளில் இது சகஜமாக மாறிக் கிடக்கும். ஏரியல், எர்த் சாக்கெட்டுகளுக்கு உள்ளே இருக்கும் சின்னக் கண்டென்சர்களையும் பாதுகாப்புத் தரமுள்ள ஒய்2 வகையாக மாற்றச் சொல்லுங்கள். மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கி அதன் வழியாக ஓட்டினால் இன்னும் நிம்மதி.

கேள்வி: ரிப்பேருக்குக் கொடுத்தேன். ஐந்து வால்வும் வீக், எல்லாவற்றையும் மாற்ற 6,000 ரூபாய் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஐந்தும் ஒரே நேரத்தில் போவது அபூர்வம். இந்த செட்டுகளில் முதலில் கெடுவது கண்டென்சர்கள், அப்புறம் மதிப்பு மாறிப்போன ரெசிஸ்டர்கள். வால்வு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முதலில் காகிதக் கண்டென்சர்களையும் பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களையும் மாற்றச் சொல்லுங்கள், பேண்ட் (அலைவரிசை மாற்றும்) சுவிட்சையும் வால்வு சாக்கெட்டுகளையும் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சத்தம் குறைவாக இருந்தால் வால்வைப் பற்றிப் பேசலாம், ஒவ்வொன்றாக. நிலையம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று காட்டப் பச்சையாக ஒளிரும் மேஜிக் ஐ வால்வு மட்டும் விதிவிலக்கு, அது ஓட ஓட மங்கத்தான் செய்யும்.

வேலை தொடங்கும் முன் உள்பக்கத்தை நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வால்வு எண்களைக் குறித்து வையுங்கள். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் நல்ல இஎல் 84 வால்வை எடுத்துக்கொண்டு ‘மாற்றிவிட்டேன்’ என்று பழையது ஒன்றைச் செருகுவது நடக்காத காரியம் இல்லை. பெங்களூரு பி.இ.எல். (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) தயாரித்த வால்வுகள் இன்னும் பழைய ஸ்டாக்கில் அகப்படும். சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் கண்டென்சர், ரெசிஸ்டர் எல்லாம் புதிதாகவே வாங்கலாம்.

கேள்வி: 100 வருடப் பழைய ரேடியோ என்று கடைக்காரரே சான்றிதழ் அடித்துக் கொடுக்கிறார், 35,000 கேட்கிறார். எப்படி நம்புவது?

பதில்: அந்தக் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு செட்டையே கேளுங்கள், அது சொல்லும். சென்னையில் வானொலி ஒலிபரப்பு என்று ஒன்று தொடங்கியதே 1924 ஜூலையில், மதராஸ் மாகாண ரேடியோ கிளப் மூலமாக. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனில் வந்தது, திருச்சி நிலையம் 1939 மே மாதம். டயலில் ‘டிரிச்சி’ என்று அச்சடித்திருந்தால் அந்த டயல் 1939க்கு முந்தியதாக இருக்க முடியாது. அடுத்தது வால்வு. அடியில் பேக்கலைட் கட்டையும் எட்டு பின்னும் நடுவில் தடித்த குச்சியும் இருந்தால் ஆக்டல், அது 1935இல் வந்தது. கட்டையே இல்லாமல் கண்ணாடியிலிருந்தே ஒன்பது மெல்லிய பின் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வகை 1950 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. நம் ஊரில் கிடைக்கிற மர்பி, புஷ், பிலிப்ஸ், ஜி.இ.சி. மேஜை செட்டுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்பது பின் ஜாதி. நாட்டின் சட்டப்படியே ‘தொல்பொருள்’ என்று சொல்ல ஒரு பொருளுக்கு 100 வருடம் ஆகியிருக்க வேண்டும். உங்கள் செட்டுக்கு அறுபது, எழுபது இருக்கலாம், அதற்குரிய விலை பேசுங்கள்.

அந்தக் காலத்தில் போஸ்ட் ஆபீஸில் வருடா வருடம் பணம் கட்டி ஸ்டாம்ப் ஒட்டிய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் செட்டோடு கிடைத்தால் அதற்குத் தாராளமாகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ஒரு குடும்பம் அந்த ரேடியோவை எந்த வருடம் எந்த ஊரில் வைத்திருந்தது என்று அதில் இருக்கும். எனக்கு அது செட்டைவிடப் பிரியமான பொருள்.

கேள்வி: வால்வு ரேடியோவில் எஃப்.எம். கேட்குமா? இல்லையென்றால் ப்ளூடூத் வைத்துவிடலாமா?

பதில்: இந்திய வால்வு செட்டுகளில் எஃப்.எம். கிடையாது, சென்னைக்கே எஃப்.எம். வந்தது 1977இல்தான். ஜெர்மன் கிரண்டிக், டெலிஃபங்கன் செட்டுகளில் இருக்கும், ஆனால் பழையவற்றில் டயல் 100 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும், 98.3 கேட்கும், 101.4 கேட்காது. ப்ளூடூத்துக்காக எதையும் வெட்டவோ துளைபோடவோ வேண்டாம். பல செட்டுகளின் பின்னால் கிராமபோனுக்கான பிக்கப் சாக்கெட் இருக்கிறது, போனின் ஒலியை அதில் கொடுக்கலாம், வால்வு வழியாகவே அந்தக் குரல் வரும். இது டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டுக்கு மட்டும். மேலே சொன்ன ‘யு’ வால்வு செட்டில் போனைச் செருகினால் போன் உடலிலேயே மெயின்ஸ் வரும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ரேடியோ டயல் கண்ணாடி உடைந்து வந்தது. விற்றவர் ‘பழைய சாமான், பொறுப்பில்லை’ என்கிறார். புகார் கொடுக்க முடியுமா?

பதில்: விற்றவர் யார் என்பதைப் பொறுத்தது. வியாபாரமாகச் செய்கிறவர் என்றால் பழைய பொருள் என்று சொல்லித் தப்ப முடியாது. விளம்பரத்தில் முழுக் கண்ணாடி காட்டிவிட்டு உடைந்தது வந்தால் 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் கேட்கலாம். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பதியுங்கள். தீரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. தன் வீட்டு ரேடியோவை ஒரே ஒருமுறை விற்ற தனிநபர் என்றால் இந்தச் சட்டம் அவரிடம் செல்லுபடியாவது கடினம். எப்படி இருந்தாலும் பெட்டியைப் பிரித்த வீடியோ, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீது மூன்றும் வேண்டும்.

அடுத்த முறை வால்வுகளைக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி, செட்டை இரட்டை அட்டைப்பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு இரவுப் பயண தூரம் என்றால் நான் நேரில் போய் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டுதான் வருவேன்.

கேள்வி: எல்லாம் மாற்றியாகிவிட்டது, ஆனால் ‘உஸ்ஸ்’ என்று இரைச்சல்தான் வருகிறது.

பதில்: அதே இடத்தில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை வைத்து மத்திய அலையில் கேட்டுப் பாருங்கள். அதிலும் இரைச்சல் என்றால் உங்கள் செட்டில் குறையில்லை, வீட்டு எல்.இ.டி. பல்புகளும் போன் சார்ஜர்களும்தான் காரணம், ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். டிரான்சிஸ்டரில் தெளிவாக இருந்தால் உங்கள் செட்டுக்கு ஏரியல் இல்லை. இந்த செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே ஏரியல் கிடையாது. மொட்டை மாடியில் பத்து மீட்டர் வயரை இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டி, அதன் ஒரு நுனியைப் பின்னால் இருக்கும் ஏரியல் சாக்கெட்டில் செருகுங்கள். இடி மின்னல் வந்தால் மட்டும் கழற்றிவிட வேண்டும். இருட்டிய பிறகு முள்ளை மெதுவாக நகர்த்துங்கள், பகலில் வராத தூரத்து நிலையங்கள் அப்போதுதான் வரும்.