சாவியில் ஏற்றும் கரண்ட்

கேள்வி: மகள் வேலூரில் நர்சிங் படித்துவிட்டு இங்கிலாந்தில் வேலை பார்க்கிறாள். வாடகை வீட்டில் முன்கூட்டியே காசு போட்டால்தான் கரண்ட், கேஸ் வருமாம். நம் ஊர் மாதிரி பிறகு பில் கட்ட முடியாதா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: முடியும், சகோதரி. என் மகன் வீட்டிலும் அதே மீட்டர்தான். சின்ன பிளாஸ்டிக் சாவியை மீட்டரிலிருந்து உருவி, தெருமுனைக் கடையில் பத்து பவுண்டு ஏற்றி, மறுபடி செருக வேண்டும். ஒரு ஜனவரி இரவு காசு தீர்ந்து ஹீட்டர் நின்றது. பேரன் போர்வைக்குள் நடுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கணக்கு மகள் பெயரில் இருந்தால், பிறகு பில் கட்டும் முறைக்கு மாற்றச் சொல்லி, கரண்ட், கேஸ் கம்பெனியிடம் அவளே கேட்கலாம். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் ஒருமுறை படிக்கட்டும். பழைய பாக்கி இருந்தால் முதலில் அதைப் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும். கடன் வரலாற்றையும், அதாவது இதுவரை கடன், பில்களை ஒழுங்காகக் கட்டிய விவரத்தையும், பார்ப்பார்கள். புதிதாகப் போனவர்களுக்கு அது அதிகம் இருக்காது என்பதால் டெபாசிட் கேட்கலாம்; அதற்காகப் பின்வாங்க வேண்டாம். ஸ்மார்ட் மீட்டர் என்றால் பெரும்பாலும் ஆள் வராமலே மாற்றிவிடுவார்கள். சாவி மீட்டர் என்றால் கழற்றி வேறு பொருத்த வேண்டும்.

மாற்றும் நாளில் ரீடிங்கையும் மீதிக் காசையும் போனில் படம் எடுத்து வைக்கட்டும். அந்த மீதியைக் கேட்டு வாங்க அதுதான் கையிலுள்ள ஆதாரம்.

அப்புறம், நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம். அங்கே வீடு பூட்டிக் கிடந்தாலும் தினசரி நிலைக்கட்டணம் உண்டு. வங்கியிலிருந்து மாதாமாதம் ஒரே தொகை பிடிக்கச் சொன்னால், கோடையில் சேரும் மிச்சம் குளிர்காலத்துக்கு உதவும்.