பஜனைக்கு நடுவே காப்பி – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் சனிக்கிழமைதோறும் பஜனை உண்டு. ஒன்பது மணிக்குப் பாட்டை நிறுத்திவிட்டுக் காப்பி. பெரியவர் ஒருவர் பீபரி கொட்டையைத் தானே வறுத்து, அரைத்து, டிக்காஷன் இறக்கிக் கொண்டுவருவார். சிக்கரி சேர்க்கலாமா கூடாதா என்று தொடங்கினால் அரை மணி நேரம் ஓடிவிடும். போன வாரம் புதிதாக வந்தவர், "நீங்கள் சாமிக்கு வருகிறீர்களா, காப்பிக்கு வருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து எனக்கும் உறுத்தலாக இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இதே சந்தேகம் 1511-லேயே மெக்காவில் ஓர் அதிகாரிக்கு வந்தது. கைர் பெக் என்று பெயர். பெரிய பள்ளிவாசல் பக்கம் இரவில் சிலர் விளக்கு வைத்துக்கொண்டு கூடியிருந்தார்கள். ஒரு கோப்பை கைமாறிக் கைமாறிப் போனது. பார்த்தவருக்குச் சாராயக் கடை ஞாபகம் வந்திருக்கிறது. போதாததற்கு, காப்பிக்கு அரபியில் உள்ள கஹ்வா என்ற சொல்லே முன்பு மதுவுக்கும் வழங்கியதுதான். அறிஞர்களையும் வைத்தியர்களையும் கூட்டிக் காப்பிக்குத் தடை போட்டார். கெய்ரோவில் இருந்த சுல்தானிடமிருந்து வந்த உத்தரவு அந்தத் தடையைத் தளர்த்திவிட்டது.

அந்தக் காப்பிப் பழக்கத்தைப் பரப்பியவர்கள் ஏமன் நாட்டு சூஃபிகள். பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இறைவன் பெயரைத் திரும்பத் திரும்ப ஓதும் இரவு திக்ருக்குக் கண் அயராமல் இருக்கக் காப்பி குடித்தார்கள். அவர்களுக்குள்ளும் இரண்டு கட்சி உண்டு: கொட்டையில் போடுவது ஒன்று, பழத்தின் காய்ந்த தோலைக் கொதிக்கவைக்கும் கிஷ்ர் இன்னொன்று. (கிஷ்ரில் இஞ்சியும் சேரும். நம் சுக்குக் காப்பிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கூட்டும் அரபுக் கணக்கில் கஹ்வா என்ற சொல்லுக்கு 116 வரும். வலிமை மிக்கவன் என்ற பொருளில் இறைவனுக்கு வழங்கும் கவீ என்ற பெயருக்கும் அதே 116. அதனால் "யா கவீ" என்று 116 முறை ஓதிவிட்டுக் குடிக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. காப்பிப் பிரியர்களால்தான் இப்படியெல்லாம் கணக்குப் போட முடியும்!

உங்கள் பெரியவரின் பீபரி சிக்மகளூர்ப் பக்கத்துச் சரக்காக இருந்தால் அதற்கும் இந்த உறவு உண்டு. ஹஜ் போன பாபா புடன் என்ற சூஃபி ஏழு விதைகளை ஏமனிலிருந்து மறைத்துக் கொண்டுவந்தார் என்பது அங்கே வழங்கும் கதை. மலைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஆக, காப்பியில் குற்றமில்லை. ஆனால் புதியவர் கேட்டதிலும் பாதி நியாயம் இருக்கிறது. கெய்ரோவில் ஏமன் சூஃபிகள் காப்பி குடித்த விதத்தை அல் ஜஸீரி என்பவர் 1558 வாக்கில் எழுதிய நூலில் பார்க்கலாம். சிவப்பு மண்பானை நிறையக் காப்பி. தலைவர் சிறிய அகப்பையால் மொண்டு கொடுக்க, அது வலப்பக்கமாகச் சுற்றிவரும். ஓதுவது மட்டும் நிற்காது. நீங்கள் பாட்டை நிறுத்திவிட்டல்லவா குடிக்கிறீர்கள்?

அடுத்த சனிக்கிழமை பாட்டு பாட்டாக நடக்கட்டும், டம்ளர் பாட்டுக்கு டம்ளர் சுற்றட்டும். சிக்கரிச் சண்டையை ஆரத்திக்கு அப்புறம் வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். என் ஓட்டு சிக்கரி இல்லாததற்கு.