காலிப்பர் பெயிண்ட் ஏன் உரிகிறது?

கேள்வி: காரின் பிரேக் காலிப்பருக்கு (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை, பேடு எனும் உராய்வுக் கட்டைகளால் இறுக்கிப் பிடிக்கும் பாகம்) வீட்டிலேயே சிவப்பு ஸ்பிரே அடித்தேன். இரண்டே மாதத்தில் செதில் செதிலாக உரிகிறது. பெயிண்ட் மட்டமா?

பதில்: பெயிண்டைவிட, அடியில் இருந்த அழுக்கின் மேல்தான் எனக்குச் சந்தேகம். பிரேக் தூசியும் கிரீஸும் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயில் துடைத்திருந்தால் இன்னும் மோசம். எண்ணெய்ப் பசை தங்கிவிடும். சாதாரண ஸ்பிரே சூட்டையும் தாங்காது. காலிப்பருக்கென்றே விற்கும், தூரிகையால் பூசும் பெயிண்டை வாங்குங்கள்.

வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தாதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். சக்கரத்தைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் உரிந்ததையும் துருவையும் தேயுங்கள். பிறகு பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாமல் போகும்வரை விடக்கூடாது. காலிப்பரைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினால் பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள்.

ரப்பர் பூட் (தூசி புகாமல் காக்கும் உறை), பிளீட் நிப்பிள் (பிரேக் ஆயிலிலுள்ள காற்றை வெளியேற்றும் திருகு), பேடு, டிஸ்க் எல்லாவற்றையும் டேப்பால் மூடுங்கள். காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னில் பெயிண்ட் இறங்கினால் அது நகராமல் பேடு ஒருபக்கமாகத் தேயும். தடிமனாக ஒரே பூச்சு வேண்டாம், வழிந்து உரியும். மெல்லியதாக இரண்டு, மூன்று போதும். இடைவெளியும் காயும் நேரமும் டின்னில் போட்டிருக்கும். அதற்கு முன் வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் ஆயில் சொட்டினால் உடனே கழுவுங்கள், அது பெயிண்டைக் கரைத்துவிடும்.