கோண்டோரின் கடற்கரை: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களைப் பலமுறை பார்த்த பிறகு, இப்போதுதான் புத்தகத்தைப் படித்து முடித்தேன். வரைபடத்தில் கோண்டோர் நாட்டுக்கு அவ்வளவு நீளமான கடற்கரை இருக்கிறது. கதையோ மலை, காடு, கோட்டை என்றே போகிறது. கடைசியில் திடீரென்று கறுப்புக் கப்பல்கள் வந்து போரின் போக்கையே மாற்றிவிடுகின்றன. இது ஆசிரியர் தன் வசதிக்குச் செய்துகொண்ட ஏற்பாடு போலத் தோன்றியது. அந்தக் கடற்கரைக்கென்று ஏதாவது வரலாறு உண்டா?

ஆர்.எஸ்.

அன்புள்ள ஆர்.எஸ்.,

உண்டு. என்னைக் கேட்டால், கோண்டோரின் வரலாறே அந்தக் கடற்கரையின் வரலாறுதான். தலைநகர் மினாஸ் டிரித்தின் மதில்மேல் நின்று பார்த்தால் அது தெரியாது. பெலார்கிர் துறைமுகத்தில் நின்று பார்க்க வேண்டும்.

வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே வெள்ளை மலைத்தொடர் கிழக்கு மேற்காக ஓடுகிறது. தெற்கே பெல்ஃபாலாஸ் வளைகுடா. இரண்டுக்கும் நடுவில் மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஆறுகள். லெபென்னின் என்ற பகுதியில் மட்டும் ஐந்து ஆறுகள். கிழக்கே ஆண்டுயின் பெருநதி, கழிமுகத்தில் பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேர்கிறது. அந்தக் கழிமுகத்துக்குச் சற்று மேலே, சிரித் ஆறு வந்து கலக்கும் இடத்தில் பெலார்கிர். தலைநகரான மினாஸ் டிரித் மலைத்தொடரின் கிழக்குக் கோடியில் தள்ளி நிற்கிறது. அது ஏறத்தாழ ஃபிளாரன்ஸ் நகரின் அட்சரேகையிலும், பெலார்கிர் பழைய டிராய் நகரின் அட்சரேகையிலும் இருப்பதாக நூலாசிரியர் டோல்கீன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆக, இது மத்தியதரைக்கடல் பக்கத்து வெயிலும் காற்றும் உள்ள ஊர். படங்களில் வருவது அந்தச் சாம்பல்நிறக் கோட்டை மட்டும்தான்.

இப்போது காலக்கணக்கைப் பாருங்கள். பெலார்கிர் கட்டப்பட்டது, கதையுலகின் கணக்கில், இரண்டாம் யுகம் 2350-இல். கோண்டோர் என்ற அரசு உருவானது 3320-இல். நாடு பிறக்க 970 வருடம் முன்பே துறைமுகம் இருந்திருக்கிறது! நூமெனோர் தீவின் கடலோடிகள் கட்டியது அது. தெற்கே உம்பார் துறையைக் கோட்டையாக்கியதும் அவர்கள்தான், இன்னும் 70 வருடம் முன்னால். தீவுக்குள்ளேயே மக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தபோது பெலார்கிர் ஒரு கட்சிக்கும் உம்பார் இன்னொரு கட்சிக்கும் போயிற்று. 3319-இல் தீவு மூழ்கியது. பெலார்கிர் கட்சியின் தலைவன் எலெண்டிலும் அவன் மகன்களும் ஒன்பது கப்பல்களில் தப்பி வந்து அரசு அமைத்தார்கள். முதல் தலைநகரான ஒஸ்கிலியாத் ஆண்டுயினின் இரு கரையிலும் இருந்தது. கடலிலிருந்து பெரிய கப்பல்கள் அதன் படித்துறை வரைக்கும் வந்து போயின.

மூன்றாம் யுகம் 830-இல் ஆட்சிக்கு வந்த டாரன்னோன் முதல் நான்கு பேரைக் கப்பல் அரசர்கள் என்றே அழைத்தார்கள். அவர்களில் ஏயார்னில் 933-இல் உம்பாரைப் பிடித்தான். மூன்றே வருடத்தில், அதே உம்பாருக்கு அப்பால் புயலில் சிக்கிக் கப்பல்களோடு போனான். அவனுக்குப் பின்வந்தவர்கள் காலத்தில்தான் கோண்டோர் உச்சத்தைத் தொட்டது.

அப்புறம் வந்தது பங்காளிச் சண்டை. 1432-இல் எல்டகார் பட்டத்துக்கு வந்தான். அவன் தாய் வடக்கத்திய இனத்துப் பெண் என்பதால் ‘ரத்தம் கலந்துவிட்டது’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கடற்படைத் தலைவன் காஸ்டமிர் அதற்குத் தலைமை தாங்கினான். கடற்கரை மக்களும் பெலார்கிர், உம்பார் துறைமுகங்களும் அவன் பக்கம். 1437-இல் ஒஸ்கிலியாத் எரிந்தது. காஸ்டமிர் எல்டகாரின் மகனைக் கொன்றான். உள்நாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கப்பல்களையே நினைத்துக்கொண்டிருந்தான், தலைநகரைப் பெலார்கிருக்கு மாற்றவும் திட்டமிட்டான். பத்து வருடம் கழித்து எல்டகார் படையோடு திரும்பிவந்து அவனைக் கொன்றான். ஆனால் அவன் மகன்கள் பெலார்கிரில் ஒரு வருடம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு கப்பல்களை எடுத்துக்கொண்டு உம்பாருக்குப் போய்விட்டார்கள்.

உங்களுடைய கறுப்புக் கப்பல்களின் மூலம் இதுதான், ஆர்.எஸ். உம்பார் கொள்ளையர் எங்கிருந்தோ வந்த அந்நியர்கள் அல்ல. கோண்டோரின் கடற்படை பாதி உடைந்து எதிரியானதில்தான் அவர்கள் கதை தொடங்குகிறது. 1634-இல் காஸ்டமிரின் கொள்ளுப்பேரன்கள் பெலார்கிரைச் சூறையாடி அரசனையும் கொன்றார்கள். இரண்டு வருடத்தில் கொள்ளைநோய் வந்தது. 1640-இல் அரச குடும்பம் ஒஸ்கிலியாத்தை விட்டு மினாஸ் அனோருக்கு, அதாவது பின்னாளின் மினாஸ் டிரித்துக்கு, நிரந்தரமாகப் போய்விட்டது. கடலோடிகளின் அரசு மலைமேல் ஏறிக்கொண்டது. உம்பார் பின்னால் ஒருமுறை கைக்கு வந்து மறுபடியும் போயிற்று. பெரிய போர் நடக்கும் காலத்தில் அது எதிரி நாடான மோர்டோருக்குத் துணையாக நிற்கிறது.

இது தெரிந்தபின் ஐந்தாம் புத்தகத்தின் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். மினாஸ் டிரித்தின் வாசலில் சிறுவன் பெர்கிலோடு நின்று ஹாபிட் பிப்பின் வேடிக்கை பார்க்கிறான். தென்பகுதிப் படைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. லொஸ்ஸர்நாக்கிலிருந்து 200 பேர். பத்து மடங்கு எதிர்பார்த்திருந்தார்கள். கழிமுகத்து மீனவர்கள் நூறு பேருக்குச் சற்று மேல், கப்பல்களிலிருந்து ஒதுக்க முடிந்தவர்கள். டோல் அம்ரோத் இளவரசனோடு 700 பேர். எல்லாம் சேர்த்தும் 3000 எட்டவில்லை. மக்கள் ஆரவாரம் செய்துவிட்டு அமைதியாகிறார்கள். உம்பார் கப்பல்கள் கரையை நெருங்குவதால் தெற்கே இருக்கும் ஆட்கள் வீட்டை விட்டு வர முடியவில்லை. பங்காளிச் சண்டையின் வட்டியைத்தான் அந்த வாசலில் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கும் இடம் இது.

ஆகவே கோண்டோரின் அரச வாரிசான அரகோர்ன் ஆவிப்படையோடு பெலார்கிருக்குப் போவது குறுக்குவழி அல்ல. முடிச்சு விழுந்த இடத்துக்கே போய் அவிழ்க்கிறான். இங்கே படம் பெரிய அநியாயம் செய்திருக்கிறது. படத்தில் ஆவிப்படை மினாஸ் டிரித் வரை வந்து போரை முடித்துவைக்கிறது. புத்தகத்தில் ஆவிகளின் வேலை பெலார்கிரில் உம்பார் கப்பல்களைப் பிடிப்பதோடு சரி; அரகோர்ன் அங்கேயே அவர்களை விடுவித்துவிடுகிறான். கப்பல்களில் கட்டுண்டு கிடந்தவர்களும் விடுதலை பெறுகிறார்கள். லெபென்னின், கழிமுகப் பகுதிகளின் ஆட்கள் வந்து திரள்கிறார்கள். அதே கப்பல்களில் ஏறி ஆற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுகிறார்கள். நள்ளிரவில் கடற்காற்று எழுந்து பாயை நிரப்புகிறது. வாசலில் வராத அந்த ஆட்கள்தான் விடிந்ததும் மினாஸ் டிரித்தின் ஹார்லோண்ட் துறையில் வந்து இறங்குகிறார்கள். இதை எடுத்துவிட்டால், தன் நாட்டைத் தானே மீட்ட கடற்கரை மக்களுக்குக் கதையில் இடமே இல்லாமல் போகிறது.

பின்னிணைப்பு ‘ஏ’-வில் கோண்டோர் பகுதியை முதலில் படியுங்கள். வரைபடம் பக்கத்திலேயே இருக்கட்டும். வரைபடத்தை முதலில் வைத்துக்கொண்டு கதையை அதற்குப் பொருத்தியதாக டோல்கீனே சொல்லியிருக்கிறார். பெலார்கிரில் நடந்தது ஐந்தாம் புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில், அரகோர்னோடு போன லெகோலாஸும் கிம்லியும் ஹாபிட்களுக்குச் சொல்வதாக வருகிறது. படித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.